எல்லாருக்கும் 500 கபாலபாதின்னு சொல்றதுக்கு முன்னாடி: எங்க காலனி யோகா சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் மாஸ்டருக்கும்,

ஞாயித்துக்கிழமை ராத்திரி குரூப்ல நீங்க போட்ட அறிவிப்பைப் பத்தித்தான் எழுதுறேன். மே 4 திங்கக்கிழமை ஆரம்பிச்சு ஒரு மண்டலம், 48 நாள், காலைல அஞ்சரைக்கு பார்க்குக்கு வர்ற எல்லாரும் தெனமும் 500 கபாலபாதி (வயித்தை உள்ள அடிச்சு மூச்சை வேகமா வெளிய தள்றது), அது முடிஞ்சதும் 3 ரவுண்டு பஸ்த்ரிகா (துருத்தி மாதிரி மூச்சை வேகமா இழுத்து விடறது), அப்புறம் மூச்சை வெளிய விட்டு வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்கிற உட்டியாண பந்தம்னு போட்டிருக்கீங்க. ஜூன் 21 யோகா தினத்தன்னைக்கு 120 பேரும் ஒரே நேரத்துல செஞ்சு காட்டணும்னு ஆசைப்படுறீங்க, அந்த ஆசையில தப்பே இல்ல. ஆனா கீழ ரெண்டு வரி இருக்கு பாருங்க, "உடம்பு முடியாதவங்கதான் முக்கியமா பண்ணணும், சாக்கு சொல்லக் கூடாது", அடுத்தது "கேஸ், அசிடிட்டி, அல்சருக்கு மாத்திரை சாப்பிடறவங்க இந்த ஒரு மண்டலத்துல ஒவ்வொண்ணா நிறுத்திடலாம்". இந்த ரெண்டு வரியைப் படிச்சதுலேர்ந்து எனக்கு தூக்கம் வரல. 46 பேர் தம்ஸ்அப் போட்டிருக்காங்க, அதுல அஞ்சாறு பேராவது வயித்துக் கோளாறு உள்ளவங்கன்னு எனக்கே தெரியும், ஏன்னா அவங்க பக்கத்துல பாய் விரிச்சு உக்காந்தவ நான்.

என் கதையை முழுசா உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல. கிளாஸை விட்டு நின்னப்போ "வீட்ல வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன், அது என் தப்பு. இப்ப சொல்றேன்.

2024 பொங்கல் முடிஞ்ச கையோட சேர்ந்தேன். எனக்கு அப்பவே நெஞ்செரிச்சல் உண்டு, அஞ்சாம் கிளாஸுக்கு பாடம் எடுக்கற டீச்சர், காலைல ஒரு டம்ளர் காபியோட ஓடிட்டு மத்தியானம் கிடைச்ச நேரத்துல சாப்பிடற பொழப்பு, வேற எப்படி இருக்கும். அப்ப சொல்லிக்கொடுத்த அம்மா முதல் நாளே ஒரு நோட்டைத் திறந்து வச்சு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சு கேட்டாங்க, ஆபரேஷன் ஆயிருக்கா, குடலிறக்கம் இருக்கா, பிபி இருக்கா, வயித்துப்புண் இருக்கா, என்ன மாத்திரை, எப்ப சாப்பிடுவீங்க, படுத்தா புளிச்ச தண்ணி மேல வருதான்னு. நான் வருதுன்னு சொன்னேன். உடனே என் பேருக்குப் பக்கத்துல எழுதிக்கிட்டு "நீ வேகமா எதுவும் பண்ணாதம்மா, மத்தவங்க கபாலபாதி பண்றப்போ நீ சும்மா கைய வயித்து மேல வச்சு மூச்சு விடு"ன்னாங்க. எட்டு மாசம் அப்படித்தான் போச்சு. எனக்கு நல்லாவே இருந்துச்சு, ராத்திரி எழுந்து உக்கார்றது குறைஞ்சுச்சு.

அவங்க பொண்ணு வீட்டுக்குப் போனப்புறம் மாஸ்டர் நீங்க வந்தீங்க. உங்க மேல எனக்கு கோபம் இல்ல மாஸ்டர், ஆசனம் நீங்க சொல்லித் தர்ற சுத்தம் நான் வேற எங்கயும் பார்த்ததில்ல, மழை நாள்ல கூட ஷெட்டுக்கு அடியில நின்னு காத்துக்கிட்டிருந்தவரு நீங்க. ஆனா அந்த நோட்டை நீங்க வாங்கிக்கல. "இதெல்லாம் எதுக்கு, யோகால சைட் எஃபெக்டே கிடையாது"ன்னு சங்கத்துல யாரோ சொன்னாங்க, நோட்டு ஆபீஸ் பீரோவுக்குள்ள போயிடுச்சு. முதல்ல 30 கபாலபாதி, அடுத்த மாசம் 100, ஐப்பசில 300. எல்லாரும் பண்றப்போ நான் மட்டும் சும்மா உக்காந்திருக்க கூச்சமா இருந்துச்சு, நீங்களும் ஒரு நாள் "டீச்சர் ஏன் ஏமாத்துறீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க, அன்னைக்கு ஆரம்பிச்சேன்.

ரெண்டாவது வாரமே தொண்டையில எரிச்சல். மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்தேன், வாய் முழுக்க புளிப்பு, இருமல் நிக்கவே இல்ல. உங்ககிட்ட வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன், "அது டாக்ஸின் வெளியேறுது, இப்ப நிறுத்தினா உள்ளயே தங்கிடும், எண்ணிக்கையை கூட்டுங்க"ன்னு சொன்னீங்க. நான் கூட்டினேன். படிச்சவ, பிள்ளைங்களுக்கு அறிவியல் பாடம் நடத்துறவ, ஆனா நான் கூட்டினேன், ஏன்னா சொல்லிக்கொடுக்கறவரு சொன்னா கேட்டுத்தான் பழக்கம். கார்த்திகை மாசம் என் குரல் போச்சு. கிளாஸ்ல போர்டு பக்கம் திரும்பி நின்னு பேசவே முடியல, காத்து மட்டும் வருது. டீச்சருக்கு குரல் போனா என்ன மிச்சம் சொல்லுங்க.

தொண்டை டாக்டர் பார்த்துட்டு வயித்து டாக்டர்கிட்ட அனுப்பினாரு, அவர் எண்டோஸ்கோபி போட்டாரு. ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையோட மேல்பகுதி நெஞ்சுப்பக்கம் ஏறியிருக்கறது, ரெண்டு சென்டிமீட்டர், உணவுக்குழாயோட அடிப்பக்கம் புண்ணு. அந்த ஹெர்னியா கபாலபாதியால வந்துச்சுன்னு அவர் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன், அது எனக்கு பல வருஷமாவே இருந்திருக்கலாம்னாரு. ஆனா அது இருக்கற ஒருத்தர் தெனம் 300 தடவை வயித்தை அடிச்சு உள்ள தள்ளினா என்ன ஆகும்னு அவர் சொன்ன விதம் என் மண்டையில அப்படியே நிக்குது, அதை நான் இங்க எழுதியே ஆகணும்.

நம்ம நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை குறுக்க விரிஞ்சிருக்கு, டயாஃப்ரம்னு சொல்றாங்களே அது. அதுல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் உணவுக்குழாய் கீழ இறங்கி இரைப்பைல சேருது. அந்த ஓட்டையைச் சுத்தி இருக்கற தசையும், குழாயோட கடைசியில இருக்கற வால்வும் சேர்ந்துதான் வயித்துல இருக்கற அமிலம் மேல வராம இறுக்கிப் பிடிச்சிருக்கு. எங்க அம்மாச்சி இடுப்புல சொருகியிருக்கற சுருக்குப்பையை நினைச்சுக்குங்க, கயிறு இறுக்கமா இருந்தா பையைத் தலைகீழா பிடிச்சாலும் ஒரு காசு விழாது. என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கயிறு தளர்ந்து போச்சு, பையோட ஒரு ஓரமே ஓட்டை வழியா மேல ஏறி உக்காந்திருக்கு. இப்ப அந்தப் பையை கீழ இருந்து படக் படக்குன்னு அமுக்கினா உள்ள இருக்கறது எங்க போகும்? கபாலபாதியில மூச்சை இழுக்கறது தானா நடக்குது, வெளிய தள்ளறதுதான் நம்ம வேலை, அந்த ஒவ்வொரு தள்ளுக்கும் வயித்துத் தசை இறுகி உள்ள அழுத்தம் ஏறுது. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு கயிறு தாங்கிடும். எங்களுக்குத் தாங்காது. அதுக்குப் பேரு டாக்ஸின் வெளியேறுறது இல்ல மாஸ்டர், அமிலம் மேல ஏறுறது.

வேகமா மூச்சு விடறப்போ நிறைய பேரு தெரியாமலே காத்தையும் விழுங்கிடறாங்க. அதான் முடிஞ்சதும் வரிசையா ஏப்பம் விடறது, வயிறு உப்பிக்கிட்டு பெல்ட்டைத் தளர்த்தறது எல்லாம். "பாருங்க கேஸ் வெளிய போகுது"ன்னு நாம சந்தோஷப்படறோம், அதுல பாதி அப்பத்தான் உள்ள போன காத்து.

இன்னொருத்தர் விஷயமும் சொல்லணும், அவர் சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன், பேரு வேண்டாம்னுட்டாரு. லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவரு, 63 வயசு, பின்வரிசையில வேப்பமரத்துக்குக் கீழ உக்காருவாரு. அல்சருக்கு, அமிலத்தைக் குறைக்கற பேண்டோப்ரசோல் சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு, அதோட முட்டிவலிக்கு வலி மாத்திரையும். கிளாஸ்ல "மூச்சு இருக்கப்போ மாத்திரை எதுக்கு"ன்னு சொன்னதைக் கேட்டு அல்சர் மாத்திரையை மட்டும் நிறுத்திட்டாரு, வலி மாத்திரையை நிறுத்தல, ஏன்னா அதை நிறுத்தினா நடக்க முடியாது. ஒன்றரை மாசத்துல மலம் தார் மாதிரி கறுப்பா போச்சு. அதுவும் கழிவு வெளியேறுதுன்னே நாலு நாள் இருந்திருக்காரு. மயங்கி விழுந்தப்புறம்தான் ஆஸ்பத்திரி, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. இங்க நான் நியாயமா பேசணும், கபாலபாதி பண்ணினதால ரத்தம் கசிஞ்சுதுன்னு யாரும் சொல்லல, வலி மாத்திரை புண்ணை அரிச்சதுதான் காரணம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா அந்தப் புண்ணுக்குக் காவலா இருந்த மாத்திரையை நிறுத்தலாம்னு அவருக்குத் தோண வச்சது நம்ம கிளாஸ். அதையேதான் ஞாயித்துக்கிழமை 120 பேருக்கும் எழுத்துல அனுப்பியிருக்கீங்க. இந்த வகை மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டவங்க திடீர்னு விட்டா அமிலம் முன்னைவிட ஜாஸ்தியா கொஞ்ச நாளைக்கு சுரக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க, நிறுத்தறதா இருந்தா எப்படி படிப்படியா குறைக்கணும்னு எழுதிக்கொடுத்தவரே சொல்லணும், மைக்ல யாரும் சொல்லக் கூடாது.

நீங்க கேக்கலாம், இவ யோகாவுக்கே எதிரியான்னு. இல்லவே இல்ல. எனக்கு குரல் திரும்பக் கிடைச்சதுல மாத்திரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு மூச்சுப் பயிற்சிக்கும் உண்டுன்னு நான் நம்புறேன். வயித்து டாக்டர் என்னை யோகாவை விடச் சொல்லல, அரசு ஆஸ்பத்திரியில யோகா இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கு, அங்க போய்ப் பாருங்கன்னாரு. நிறைய பேருக்கு இது தெரியல, அஞ்சரை வருஷம் படிச்சு பி.என்.ஒய்.எஸ் பட்டம் வாங்கின டாக்டருங்க அங்க இருக்காங்க, சென்னை அரும்பாக்கத்துல இதுக்குன்னே அரசு மருத்துவக் கல்லூரி 2000-லேர்ந்து இருக்கு. நான் பார்த்த அந்த டாக்டரம்மா முதல்ல என்ன பண்ணாங்க தெரியுமா, ஒரு நோட்டை எடுத்தாங்க. நம்ம பழைய அம்மா கேட்ட அதே கேள்விங்க.

அப்புறம் சொல்லித் தந்தது இவ்வளவுதான். காலைல காபிக்கு முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆனப்புறம். தரையில குனிஞ்சு கூன் போட்டு உக்கார்றதுக்கு பதிலா நாற்காலியில முதுகு நிமிர்ந்து, இடுப்புல இறுக்கமா எதுவும் இல்லாம. ஒரு கை வயித்து மேல, மூக்கு வழியா நாலு எண்ணி இழுக்கறப்போ வயிறு மெல்ல வெளிய வரணும், ஆறு எண்ணி விடறப்போ தானா உள்ள போகணும், வயித்தை நாம தள்ளவோ அமுக்கவோ கூடாது. நடுவுல மூச்சைப் பிடிச்சு வைக்கிறது கிடையாது. முதல் வாரம் அஞ்சு நிமிஷம், மெல்ல மெல்ல கூட்டணும். ஒரு மாசம் கழிச்சு நாடி சுத்தி, அதாவது மூக்குத் துவாரத்தை மாத்தி மாத்தி விடற மூச்சு, அதுவும் கும்பகம்னு மூச்சைப் பிடிக்கறது இல்லாம, கடைசியில வண்டு மாதிரி ரீங்கரிக்கற பிராமரி மெதுவா. நடுவுல நெஞ்சு எரிஞ்சாலோ புளிச்ச தண்ணி மேல வந்தாலோ தலை சுத்தினாலோ உடனே நிறுத்தி சாதாரணமா மூச்சு விடணும், எண்ணிக்கையை முடிச்சிட்டு நிறுத்தறேன்னு இருக்கக் கூடாது. முடிஞ்சதும் சவாசனத்துல மட்ட மல்லாக்கப் படுத்தா எனக்கு அமிலம் மேல ஏறும், அதனால இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கறேன், தலைக்கு உசரம் வச்சு. இதைக் கூட நம்ம கிளாஸ்ல "சவாசனம்னா மல்லாக்கத்தான்"னு திருத்தியிருக்காங்க.

இந்த மெதுவான வயித்து மூச்சுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. ஆஸ்திரியா நாட்டுல கிராஸ் நகரத்து டாக்டருங்க 2012-ல வெளியிட்டது. நெஞ்செரிச்சல் நோய் உள்ள 19 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மட்டும் வயித்தால மூச்சு விடற பயிற்சி கொடுத்தாங்க. நாலு வாரத்துல அவங்க உணவுக்குழாய்ல அமிலம் படற நேரம் குறைஞ்சுச்சு, தொடர்ந்து செஞ்சவங்களுக்கு ஒன்பது மாசம் கழிச்சு மாத்திரை தேவையும் குறைஞ்சுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், 19 பேருதான், அதை வச்சு உலகமே மாறிடும்னு நான் சொல்லல. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. பெரிய ஹெர்னியா இருக்கறவங்களையும் ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்களையும் அவங்க சேர்க்கவே இல்ல. அவங்க சொல்லிக்கொடுத்தது உதரவிதானத்தைப் பழக்கற மூச்சு, கீழேர்ந்து வயித்தை அடிக்கறது இல்ல. அந்த சுருக்குப்பைக் கயிறு ஒரு தசைதான், அதை மெல்லப் பழக்கினா பலமாகும், முரட்டுத்தனமா அடிச்சா இன்னும் தளரலாம்.

சரி, மேல்நாட்டு ஆராய்ச்சி வேண்டாம்னா நம்ம சொந்த விஷயத்துக்கே வருவோம். நீங்க யோகா தினத்துக்கு தயார் பண்றதே மத்திய ஆயுஷ் அமைச்சகம் போட்ட பொது யோகா நெறிமுறையை வச்சுத்தான். அதை எடுத்து கபாலபாதி பக்கத்தைப் படிங்க, தயவுசெஞ்சு படிங்க. ஆரம்பிக்கறவங்களுக்கு 20 மூச்சு, மூணு சுத்து வரைக்கும்னு இருக்கு, அதாவது 60. நீங்க போட்டிருக்கறது 500. அதே பக்கத்துல யாரெல்லாம் தவிர்க்கணும்னு ஒரு பட்டியல், இதய நோய், ரத்தக் கொதிப்பு, தலைசுத்தல், ஒற்றைத் தலைவலி இதுங்களோட சேர்த்து ஹெர்னியா, வயித்துப்புண் ரெண்டும் இருக்கு. பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்கற புஜங்காசனத்துக்கும் ஹெர்னியா, அல்சர் உள்ளவங்க செய்யக் கூடாதுன்னும், வயித்துல ஆபரேஷன் ஆனவங்க ரெண்டு மூணு மாசம் தவிர்க்கணும்னும் போட்டிருக்கு. அரசாங்கமே "பண்ணாதீங்க"ன்னு சொன்ன ஆளுங்களைப் பார்த்து நாம "நீங்கதான் முக்கியமா பண்ணணும்"னு எழுதியிருக்கோம்.

அதுக்கும் முன்னாடி போங்க. சுவாத்மாராமர் எழுதின பழைய யோகா நூல் ஹட யோக பிரதீபிகையில கபாலபாதி பிராணாயாமக் கணக்குலயே வராது, ஆறு சுத்திகரிப்புக் கிரியையில ஒண்ணாத்தான் வரும், அதுவும் கொழுப்பும் கபமும் ஜாஸ்தியா இருக்கறவங்க முதல்ல அந்த ஆறையும் செய்யணும், மத்தவங்களுக்கு அது தேவையில்லன்னு அதே நூல்ல இருக்கு. சிங்கம், யானை, புலியை எப்படி கொஞ்சம் கொஞ்சமா பழக்கி வசப்படுத்தணுமோ அப்படித்தான் மூச்சையும் பழக்கணும், இல்லன்னா அது செய்யறவனையே கொன்னுடும்னு சொல்றதும் அந்த நூல்தான். முறையா செஞ்சா நோய் தீரும், முறைதவறினா எல்லா நோயும் வரும்னு அடுத்த ஸ்லோகம். விக்கல், இரைப்பு, இருமல்னு பட்டியலே போடுது. யோகால சைட் எஃபெக்டே இல்லன்னு நம்ம சங்கம் சொல்லுது, யோகா நூலே இருக்குன்னு சொல்லுது. நாம யாரை நம்பணும்? திருமூலர் பாட்டை மாஸ்டர் நீங்க தெனமும் கிளாஸ் ஆரம்பத்துல பாடறீங்க, காற்றைப் பிடிக்கும் கணக்குன்னு வருமே, உங்க குரல்ல அதைக் கேக்கறப்போ எனக்கு சிலிர்க்கும். கணக்குன்னுதானே சொல்லியிருக்காரு. ஆளுக்கு ஆள் மாறாம 120 பேருக்கும் ஒரே எண்ணு போட்டா அது என்ன கணக்கு?

நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு வழி காட்டினவங்க இருக்காங்க. சென்னையில வாழ்ந்த யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் பயிற்சிதான் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறணும், ஆள் பயிற்சிக்கு மாறக் கூடாதுங்கற வழியில சொல்லிக்கொடுத்தவரு, அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரமும் ஒருத்தர் ஒருத்தரா பார்த்து சொல்லிக்கொடுக்கறதுக்குப் பேர் போனது. மகாராஷ்டிரா லோனாவ்லால குவலயானந்தர் 1924-லயே கைவல்யதாமம்ங்கற யோகா ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பிச்சு, உட்டியாணமும், வயித்துத் தசையை உருட்டற நௌலியும் பண்றப்போ வயித்துக்குள்ள அழுத்தம் எப்படி மாறுதுன்னு கருவி வச்சு அளந்து பார்த்தாரு. நூறு வருஷம் முன்னாடி ஒரு யோகி அளந்து பார்த்துட்டு சொன்னாரு, நாம இன்னைக்கு கேக்காமலே சொல்றோம்.

120 பேரையும் தனித்தனியா பார்க்க மாஸ்டருக்கு நேரம் எங்கன்னு செகரட்டரி சார் கேப்பீங்க. பார்க்குல எனக்கே அஞ்சு நிமிஷத்துல நோட்டு போட்டு எழுதினாங்க சார். ஒரு நாளைக்கு பத்து பேர்னாலும் பன்னெண்டு நாள்ல முடிஞ்சிடும். நானும் வர்றேன், எழுதறது என் தொழில், எழுதித் தர்றேன். யோகா தினத்துக்கு எண்ணிக்கை குறைஞ்சா குறையட்டும், 30 பேரு நாற்காலியில உக்காந்து மெதுவா மூச்சு விடறதும் பார்க்கறவங்களுக்கு யோகாதான். சொல்லப்போனா அதைப் பார்த்துத்தான் "நமக்கும் முடியும்போல"ன்னு இன்னும் நாலு பேர் வருவாங்க.

இன்னொண்ணு, இது எல்லாத்தையும் விட அவசரம். போன மாசம் ஒருத்தர் நெஞ்சுல வலின்னு கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தப்போ பக்கத்துல இருந்தவங்க "கேஸ்தான், ரெண்டு பஸ்த்ரிகா போடுங்க போயிடும்"னு சொன்னதை நான் நடைபாதையிலேர்ந்து கேட்டேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகல, சந்தோஷம். நெஞ்சு வலி கேஸா ஹார்ட்டான்னு ஈசிஜி எடுக்காம டாக்டராலயே சொல்ல முடியாது, நாம பாய்ல உக்காந்துக்கிட்டு சொல்றோம். நெஞ்சு இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவற வலி, வேர்வை இதுல எது வந்தாலும் 108-க்கு போன், அவ்வளவுதான். அதே மாதிரி கறுப்பு மலம், வாந்தியில ரத்தம் இல்ல காபித்தூள் மாதிரி, முழுங்கறப்போ அடைக்கறது, காரணமில்லாம எடை குறையறது இதெல்லாம் இருக்கறவங்களுக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் மருந்தில்ல, அவங்களை நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.

இப்ப நான் கேக்கறது என்னன்னா, முதல்ல ஞாயித்துக்கிழமை அறிவிப்பை வாபஸ் வாங்குங்க, குறிப்பா மாத்திரையை நிறுத்தலாம்ங்கற வரியை. சும்மா டெலிட் பண்ணினா பத்தாது, படிச்சவங்க படிச்சிட்டாங்க, "டாக்டரைக் கேக்காம யாரும் எந்த மாத்திரையும் நிறுத்தாதீங்க"ன்னு சங்கத்து பேர்ல புதுசா ஒரு மெசேஜ் போடுங்க, வாய்ஸ் நோட்டும் போடுங்க, படிக்கத் தெரியாதவங்களும் குரூப்ல இருக்காங்க. பீரோவுல இருக்கற அந்த நோட்டை வெளிய எடுங்க, மே 4-க்கு முன்னாடி ஆரம்பிச்சு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதுங்க, எழுதி முடியற வரைக்கும் யாருக்கும் 60-க்கு மேல கபாலபாதி வேண்டாம். ஹெர்னியா, அல்சர், நெஞ்செரிச்சல் நோய், சமீபத்துல வயித்துல ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பிபி இருக்கறவங்க, இவங்களுக்கு கபாலபாதி, பஸ்த்ரிகா, உட்டியாணம் மூணும் கிடையாதுன்னு எழுதி ஷெட்ல ஒட்டுங்க, அவங்களுக்கு அதே நேரத்துல மெதுவான மூச்சு சொல்லிக்கொடுங்க. நாற்காலி இருபது வேணும், சங்கத்து பணத்துல வாங்க முடியலன்னா என் பங்கா ரெண்டு தர்றேன். மாஸ்டர், "நிறுத்தறேன்"னு ஒருத்தர் சொன்னா எல்லார் முன்னாடியும் ஏன்னு கேக்காதீங்க, அன்னைக்கு நீங்க அப்படி கேட்டதுதான் என்னை ஆரம்பிக்க வச்சது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரி யோகா பிரிவுலேர்ந்து ஒரு டாக்டரைக் கூப்பிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பேச வைங்க, கேட்டுப் பார்க்கற வேலையை நான் எடுத்துக்கறேன்.

இதுக்கெல்லாம் ஆமாவா இல்லையான்னு சனிக்கிழமைக்குள்ள குரூப்லயே பதில் போடுங்க. எனக்கு தனியா போன் பண்ணி சமாதானம் சொல்ல வேண்டாம், அறிவிப்பு 120 பேருக்கு வந்துச்சு, பதிலும் அந்த 120 பேருக்கும் வரணும்.

இப்படிக்கு,
மூணாவது தெருவுலேர்ந்து ஒரு உறுப்பினர்